கடைசி ஓட்டத்துக்குப் பின் காணாமல் போகும் பந்தயக் குதிரைகள்: பதிவேடு முடியும் இடத்தில் தொடங்கும் கேள்விகள்

ரேணிகுண்டா: தென்னிந்தியாவில் குதிரைப் பந்தயம் வேரூன்றிய பெருநகரங்கள் மூன்று: சென்னை, பெங்களூரு, ஹைதராபாத். இம்மூன்றையும் வரைபடத்தில் கோடிட்டு இணைத்தால் உருவாகும் முக்கோணத்துக்குள் ஆந்திர மாநிலத்தின் ரேணிகுண்டா அமைந்துள்ளது. இங்கு பந்தயத் திடல் எதுவும் இல்லை. ஹைதராபாத்தின் மலக்பேட்டை பந்தயத் திடல், 2014-ஆம் ஆண்டு மாநிலம் பிரிக்கப்பட்டபோது தெலங்கானாவுக்கு உரியதாகிவிட்டது.

ஆயினும் பந்தயக் குதிரைகளின் கதை இப்பகுதிக்குத் தொடர்பற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. திருப்பதி, சித்தூர் மாவட்டங்களின் நிலக்கடலை வயல்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் பாம்பு கடித்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் விவசாயியின் உடலில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து, ஏதோ ஒரு குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்பட்டதாகும். அந்தக் குதிரை முன்பு பந்தயத்தில் ஓடியதா, வண்டி இழுத்ததா, எங்கிருந்து வந்தது என்பதை அறியும் வழி பொதுமக்களுக்கு இல்லை.

பந்தயக் குதிரைகளின் ஓய்வுக்கால வாழ்க்கை குறித்த விவாதத்தின் மையம் இதுவே. பந்தயத்தில் ஓடும் வரை ஒரு குதிரையின் ஒவ்வொரு அசைவும் பதிவு செய்யப்படுகிறது. ஓட்டம் நின்ற பின்னர் அதன் பெயரைக்கூட எவரும் எழுதி வைப்பதில்லை.

*நான்கைந்து ஆண்டு ஓட்டம், இருபது ஆண்டு வாழ்க்கை*

பந்தயத்துக்கென வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரைகள் பொதுவாக 2 வயதில் ஓடத் தொடங்குகின்றன. பெரும்பாலானவை 5 முதல் 8 வயதுக்குள் பந்தயத்திலிருந்து விலக்கப்படுகின்றன. நல்ல பராமரிப்பு கிடைத்தால் ஒரு குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். அதாவது, வெளியேறும் குதிரையின் முன்னால் இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்க்கை காத்திருக்கிறது.

அந்த இருபது ஆண்டுகளுக்கும் தீவனம் தேவை. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 10 கிலோவுக்குக் குறையாத உலர்தீவனம் வேண்டும். குளம்புகளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை சீர்செய்ய வேண்டும். பற்களைத் தேய்த்துவிட வேண்டும். லாயத்துக்கு இடமும், கவனித்துக்கொள்ள ஆளும், நோய் கண்டால் குதிரை மருத்துவம் அறிந்த மருத்துவரும் தேவை. ஓடும் காலத்தில் பரிசுத் தொகையின் எதிர்பார்ப்பு இந்தச் செலவைத் தாங்குகிறது. ஓட்டம் நின்ற மறுநாள் முதல் வரவு இல்லை. செலவு மட்டும் தொடர்கிறது.

விலக்கப்படுவதற்கான காரணங்கள் பல. வேகம் குறைவது ஒன்று. முன்னங்கால் தசைநார்க் கிழிசல், மூட்டுத் தேய்மானம், எலும்பு முறிவு ஆகியவை மற்றவை. எலும்பு முறிந்த குதிரையைக் காப்பாற்றுவது கடினம். அதனால் நெடுநாள் படுத்த நிலையில் இருக்க இயலாது. முறிந்த காலைத் தரையில் ஊன்றாமல் மற்ற கால்களில் முழு எடையையும் சுமத்தும்போது, அந்தக் கால்களின் குளம்புகளிலும் கடும் அழற்சி ஏற்பட்டுவிடும். இதனால்தான் கடுமையான முறிவு ஏற்பட்ட குதிரைகளுக்குக் கருணைக்கொலை பரிந்துரைக்கப்படுகிறது. வேதனையில் உழலும் விலங்கைக் கொல்வதற்கு 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 13-வது பிரிவு நிபந்தனைகளுடன் இடமளிக்கிறது.

சிக்கல், சிறு காயத்துடனோ காயமே இன்றியோ வெளியேறும் குதிரைகளைப் பற்றியது. நடக்கவும் ஓடவும் முடிந்த, ஆனால் வெற்றி பெற முடியாத குதிரைகள் அவை.

*பதிவேடு எங்கே நிற்கிறது?*

இந்தியாவில் பிறக்கும் ஒவ்வொரு தரோபிரெட் குட்டியும் இனப்பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அதன் தாய், தந்தை, பிறந்த நாள், நிறம், உடல் அடையாளங்கள் ஆகியவை குறிக்கப்படுகின்றன. மரபணுச் சோதனை மூலம் பெற்றோர் உறுதி செய்யப்படுகின்றனர். தோலடியில் மைக்ரோசிப் பொருத்தப்படுகிறது. பந்தயத்துக்கு வந்த பின்னர் உரிமையாளர், பயிற்சியாளர், ஜாக்கி, சுமந்த எடை, ஓடிய தூரம், எடுத்துக்கொண்ட நேரம், பெற்ற பரிசு என அனைத்தும் பந்தய மன்றங்களின் ஆவணங்களில் சேர்கின்றன. ஊக்கமருந்துச் சோதனைக்கான மாதிரிகளும் எடுக்கப்படுகின்றன.

ஆள் மாறாட்டம் நடந்தால் பந்தயப் பணம் கைமாறிவிடும் என்பதாலேயே இத்தனை கவனம். அடையாளத்தைக் காப்பது பந்தயத்தின் நாணயத்தைக் காப்பதற்கான ஏற்பாடு. பந்தயம் முடிந்ததும் அந்த நாணயத்துக்கு ஆபத்து இல்லை. எனவே அடையாளத்தைப் பின்தொடரும் தேவையும் முடிந்துவிடுகிறது.

இனப்பெருக்கத்துக்குச் செல்லும் குதிரைகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. பெட்டைக் குதிரைகளில் நல்ல வம்சாவளி உள்ளவை பண்ணைகளுக்குச் சென்று, ஈனும் குட்டிகளின் வழியாக மீண்டும் பதிவேட்டுக்குள் வருகின்றன. பொலிக்குதிரைகளாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஆண் குதிரைகள் மிகச் சில. பயிற்சிக்கு அடங்குவதற்காகக் காயடிக்கப்பட்ட ஆண் குதிரைகளுக்கு இந்த வாசல் தொடக்கத்திலேயே அடைபட்டுவிடுகிறது. பந்தயம் முடிந்ததும் தடம் மறைவதில் முதலிடம் இவற்றுக்கே.

*பிரியும் பாதைகள்*

வெளியேறும் குதிரைகளில் நற்பேறு பெற்றவை சவாரிப் பள்ளிகளையும், தடை தாண்டும் போட்டிக்கான மன்றங்களையும் அடைகின்றன. சில காவல் துறைக் குதிரைப்படைகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் வழங்கப்படுகின்றன. உரிமையாளரே தமது பண்ணையில் வைத்து இறுதி வரை பராமரிக்கும் நிகழ்வுகளும் உண்டு.

ஆனால் பந்தயக் குதிரையைச் சவாரிக் குதிரையாக மாற்றுவது எளிய செயலன்று. வாயிற்கதவு திறந்த நொடியில் பாய்ந்தோடவே அது பழக்கப்பட்டிருக்கிறது. கடிவாளத்தின் இறுக்கத்தை வேகத்துக்கான குறிப்பாகக் கொள்ளும் குதிரைக்கு, நிதானமாக நடப்பதைக் கற்பிக்கப் பல மாதங்கள் ஆகலாம். அத்தகைய மறுபயிற்சிக்கான கட்டமைப்பு நாட்டில் மிகக் குறைவு.

அடுத்த நிலையில் வருபவை மாப்பிள்ளை ஊர்வலங்கள், அலங்கார வண்டிகள், கடற்கரைச் சவாரிகள். தரோபிரெட் குதிரை மெல்லிய தோலும் மிரளும் இயல்பும் கொண்டது. தார்ச்சாலையின் வெப்பம், பட்டாசு ஒலி, மேளதாளம், வாகன நெரிசல் ஆகியவற்றுக்கு நடுவே நிற்க அது வளர்க்கப்படவில்லை. மும்பையில் கேளிக்கைச் சவாரிக்காக இயங்கிய விக்டோரியா குதிரை வண்டிகள் சட்டவிரோதமானவை என மும்பை உயர் நீதிமன்றம் 2015 ஜூன் மாதத்தில் தீர்ப்பளித்தது. பராமரிப்பு வசதியின்றி நகரச் சாலைகளில் குதிரைகளைப் பயன்படுத்துவது குறித்து நாடு முழுவதும் நடந்துவரும் விவாதத்தில் அத்தீர்ப்பு ஒரு திருப்புமுனையாகும்.

இவற்றுக்கும் அப்பால் இருப்பது வெளிச்சந்தை. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையைப் போல, குதிரைகள் நேரடியாகக் கைமாறும் சந்தைகள் நாட்டில் பல உள்ளன. அங்கு விலை பேசுவது குதிரையின் தோற்றத்தையும் நடையையும் சுழியையும் பார்த்துத்தான். மைக்ரோசிப்பைப் படிக்கும் கருவியும், பழைய உரிமையாளருக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாடும் வெளிச்சந்தையில் கிடையாது. இரண்டு முறை கைமாறிவிட்டால் எந்தக் குதிரையையும் அதன் பழைய பெயருடன் இணைப்பது ஏறத்தாழ இயலாததாகிவிடுகிறது.

*ஜபல்பூர் எழுப்பிய எச்சரிக்கை*

தடமறியும் ஏற்பாடு இல்லாததன் விளைவு எப்படி இருக்கும் என்பதற்கு 2025-ஆம் ஆண்டு நடந்த நிகழ்வு ஒரு சான்று. அவ்வாண்டு ஏப்ரல் இறுதியிலும் மே மாதத் தொடக்கத்திலுமாக, ஹைதராபாத்திலிருந்து 57 குதிரைகள் மத்தியப் பிரதேச மாநிலம் ஜபல்பூர் மாவட்டத்துக்குச் சாலை வழியாகக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றில் தரோபிரெட் குதிரைகளும் இருந்தன. வந்து சேர்ந்த சில நாள்களிலேயே 8 குதிரைகள் உயிரிழந்தன. இறப்பு எண்ணிக்கை பின்னர் மேலும் உயர்ந்தது.

குதிரைகளிடமிருந்து மனிதர்களுக்கும் பரவக்கூடிய கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் பற்றிய ஐயம் எழுந்ததால், இரத்த மாதிரிகள் ஹரியாணா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பப்பட்டன. விவகாரம் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் வரை சென்றது. குதிரைகள் யாருக்குச் சொந்தம், எதற்காகக் கொண்டுவரப்பட்டன, உரிய அனுமதிகள் பெறப்பட்டனவா என்ற அடிப்படைக் கேள்விகளே விசாரணையின் மையமாக அமைந்தன.

மாநிலம் விட்டு மாநிலம் குதிரைகளைக் கொண்டு செல்ல விதிகள் இல்லாமல் இல்லை. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் குதிரையினத்துக்கெனத் தனி அத்தியாயமே உள்ளது. பயணத்துக்குத் தகுதியானது எனக் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். எனினும் அந்தச் சான்று பயணத்தோடு முடிந்துவிடுகிறது. சேருமிடத்தில் குதிரை என்ன ஆனது என்பதைக் கேட்கும் கடமை எவருக்கும் சுமத்தப்படவில்லை.

மூன்று பந்தய நகரங்களுக்கு நடுவே உள்ள ரேணிகுண்டா போன்ற சந்திப்பு ஊர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. சென்னையிலிருந்து கடப்பா, கர்நூல் வழியாக ஹைதராபாத் செல்லும் சாலை இவ்வூரைத் தொட்டே செல்கிறது. சென்னை - மும்பை ரயில் தடமும், கூடூர் - காட்பாடி தடமும் இங்கு சந்திக்கின்றன. பந்தயத் திடல் இல்லாத மாநிலத்தில் பந்தயக் குதிரைகளைக் கண்காணிக்கும் மன்றமும் இருக்காது. நெடுஞ்சாலையில் ஒரு வண்டி நிறுத்தப்பட்டால், உள்ளே நிற்கும் குதிரையின் வரலாற்றைச் சொல்ல ஓட்டுநரின் கையிலிருக்கும் காகிதங்களைத் தவிர வேறு சான்று இல்லை.

*குதிரையின் இரத்தத்தில் விவசாயியின் உயிர்*

இப்பகுதிக்கும் குதிரைக்குமான மிக நெருங்கிய உறவு மருத்துவமனை வார்டில்தான் இருக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் உயிரிழந்ததாக, 2020-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுச் சராசரி 58 ஆயிரம். இறப்புகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு நிகழ்ந்த எட்டு மாநிலங்களின் பட்டியலில், பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசமும் இடம்பெற்றிருந்தது.

இந்த இறப்புகளுக்கு எதிரான ஒரே உறுதியான மருந்து விஷமுறிவு ஊசியே. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராக ஒரே மருந்து இந்தியாவில் தயாரிக்கப்படுகிறது. இதற்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதியை, 1978-இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்குகிறது.

அந்த நஞ்சு மிகச் சிறிய அளவில் குதிரைகளுக்குச் செலுத்தப்படுகிறது. பல வாரங்கள், மாதங்களாக அளவு சிறிது சிறிதாகக் கூட்டப்படும்போது, குதிரையின் உடலில் நஞ்சை முறிக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. பின்னர் கழுத்து நாளத்திலிருந்து இரத்தம் எடுக்கப்பட்டு, அதன் நீர்மப் பகுதி பிரிக்கப்பட்டு, தூய்மையாக்கப்பட்டு, உலர்த்தப்பட்டுக் குப்பிகளில் அடைக்கப்படுகிறது. பாம்பு கடித்த ஒருவருக்குத் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பிகள் தேவைப்படலாம்.

ஆக, திருப்பதியின் அரசு மருத்துவமனையில் ஏற்றப்படும் ஒரு குப்பி மருந்தில் தமிழக வயல்வெளிப் பாம்பின் நஞ்சும், தொலைவில் எங்கோ நிற்கும் குதிரையின் இரத்தமும் ஒன்றுசேர்ந்திருக்கின்றன.

இந்த மருந்துக்கான குதிரைகள் மகாராஷ்டிரம், தெலங்கானா, இமாசலப் பிரதேசம் உள்ளிட்ட மாநிலங்களின் பண்ணைகளில் வைக்கப்பட்டுள்ளன. பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட குதிரைகளும் இத்தகைய பண்ணைகளைச் சென்றடைவதாக விலங்கு நல அமைப்புகள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றன. சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பு இந்திய விலங்கு நல வாரியத்தின் சார்பில் நடந்த ஆய்வுகளில், சில பண்ணைகளில் இரத்தசோகை, ஆறாத புண்கள், ஊட்டச்சத்துக் குறைவு, போதிய மருத்துவக் கவனிப்பின்மை ஆகியவை கண்டறியப்பட்டன.

இதை விலங்கு நலத்துக்கும் மனித உயிருக்கும் இடையிலான மோதலாகப் பார்ப்பது தவறு. நலிந்த குதிரையின் உடலில் தரமான எதிர்ப்பொருள் உருவாகாது. நோயுற்ற விலங்கிலிருந்து பெறப்படும் இரத்தம் மருந்தின் பாதுகாப்பையும் கேள்விக்குள்ளாக்கும். ஒரு குதிரை பண்ணைக்குள் வருவதற்கு முன் அதற்கு எந்தெந்த நோய்கள் வந்தன, என்னென்ன மருந்துகள் கொடுக்கப்பட்டன என்பது தெரிந்திருப்பது நோயாளிக்கும் நன்மையே. பந்தய மன்றத்தின் ஆவணம் பண்ணை வரை தொடர்ந்து வந்தால் அந்த விவரம் கிடைக்கும்.

பாம்புக்கடி இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் இலக்குடன் மத்திய அரசு 2024 மார்ச் மாதத்தில் தேசிய செயல்திட்டத்தை வெளியிட்டது. குதிரையின்றி ஆய்வகத்திலேயே எதிர்ப்பொருள்களை உருவாக்கும் ஆய்வுகளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் ஈடுபட்டுள்ளன. அவை மருந்தாகி வார்டுக்கு வரும் வரை, கிராமப்புற இந்தியாவின் உயிர் குதிரையின் உடல்நலத்தையே நம்பியிருக்கிறது.

*சுருங்கும் திடல்கள், உயரும் வரி*

வெளியேறும் குதிரைகள் குறித்த கேள்வி இப்போது அவசரமாவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பந்தயத் தொழில் மீதான அழுத்தம் கூடி வருகிறது.

சென்னை கிண்டியில் 160 ஏக்கர் அரசு நிலம், 1945 முதல் 99 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா என்ற வாடகையில் பந்தய மன்றத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. சுமார் 730 கோடி ரூபாய் வாடகை நிலுவை தொடர்பான வழக்கின் பின்னணியில், 2024 செப்டம்பர் மாதத்தில் குத்தகையை ரத்து செய்து திடலுக்கு அதிகாரிகள் முத்திரையிட்டனர். விவகாரம் நீதிமன்றத்தில் தொடர்ந்தது. நிலத்தின் ஒரு பகுதியில் வெள்ளத் தடுப்புக்கான குளங்கள் வெட்டப்பட்டன. அதற்கு இரண்டு மாதங்கள் முன்பாக, ஊட்டியில் 52 ஏக்கர் பந்தயத் திடலை அரசு கையகப்படுத்தியது. மும்பை மகாலட்சுமி திடலின் பெரும்பகுதியும் பூங்காவுக்கென மாநகராட்சிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது.

நகரின் நடுவே உள்ள பொது நிலம் மக்களின் பயன்பாட்டுக்கு வருவதை வரவேற்போர் பலர். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் திடல் மூடப்படும் நாளில் லாயங்களில் நிற்கும் குதிரைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதை நில ஆணைகள் பேசுவதில்லை.

வரிச்சுமையும் உயர்ந்துள்ளது. பந்தயப் பணத்தின் முழு முகமதிப்பின் மீது 28 விழுக்காடாக இருந்த சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாக்கப்பட்டது. சூதாட்ட இயல்புள்ள செயல்களுக்கு அதிக வரி விதிப்பது அரசின் கொள்கை முடிவு. எனினும் தொழில் சுருங்கும்போது முதலில் கைவிடப்படுவது, வென்று தராத குதிரைகளாகவே இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

குதிரைப் பந்தயத்தின் சட்ட நிலை குறித்த விவாதம் தமிழகத்துக்குப் புதிதன்று. 1974-இல் மாநில அரசு பந்தயத்தைத் தடை செய்யச் சட்டம் இயற்றியது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்ததால் பந்தயம் நிலைத்தது. ஜாக்கியின் திறமை, பயிற்சியாளரின் திறமை, பந்தயம் கட்டுவோரின் கணிப்புத் திறமை ஆகியவற்றை மையமாகக் கொண்டிருந்த அந்த நீண்ட சட்டப் போராட்டத்தில், ஓட்டம் முடிந்த குதிரையின் நிலை பேசுபொருளாகவில்லை.

*பத்து ரூபாய் அபராதம்*

தற்போதைய சட்டம் தரும் பாதுகாப்பு பெயரளவிலானது. பட்டினியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். முதன்முறை குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அறுபது ஆண்டுகள் கடந்தும் இத்தொகை மாறவில்லை. ஒரு குதிரையின் ஒரு நாள் தீவனச் செலவுக்கும் இது போதாது. கைவிடுவது பராமரிப்பதைவிட மலிவு என்ற நிலையைச் சட்டமே உருவாக்கி வைத்திருக்கிறது.

காட்சி விலங்குகள் பதிவு விதிகள் 2001-இல் வகுக்கப்பட்டன. பொதுமக்கள் பார்க்க அனுமதிக்கப்படும் குதிரை நிகழ்வுகளும் இவற்றின் வரம்புக்குள் வருகின்றன. எனவே பந்தயக் குதிரை சட்டத்தின் பார்வையில் பதிவு செய்யப்பட வேண்டிய விலங்கே. நிகழ்வில் பங்கேற்கும் காலத்துக்கு மட்டுமே அந்தப் பதிவு பொருள்படுகிறது என்பதே குறை.

*வெளிநாடுகள் கற்ற பாடம்*

இச்சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பியை 1986-இல் வென்ற பெர்டினாண்ட் என்ற குதிரை, 1987-இல் ஆண்டின் சிறந்த குதிரையாகத் தேர்வு பெற்றது. இனப்பெருக்கத்துக்காக ஜப்பானுக்கு விற்கப்பட்ட அது, அங்கு எதிர்பார்த்த பலன் தராததால் 2002-இல் இறைச்சிக் கூடத்துக்கு அனுப்பப்பட்டது. அச்செய்தி மறு ஆண்டு வெளியானபோது அமெரிக்கப் பந்தய உலகமே அதிர்ந்தது. அந்த நாட்டில் ஓய்வுபெற்ற குதிரைகளுக்கான புகலிடங்களை ஆய்வு செய்து அங்கீகாரமும் நிதியும் அளிக்கும் கூட்டமைப்பு 2012-இல் உருவானது. பிரிட்டனில் பந்தயத் துறையே 2000-ஆம் ஆண்டில் மறுபயிற்சிக்கான அறக்கட்டளையைத் தொடங்கியது.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் மற்றொரு பாடத்தைத் தருகிறது. அங்கு குதிரை ஓய்வுபெறும்போது அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருந்தது. இருப்பினும், குவீன்ஸ்லாந்து மாநில இறைச்சிக் கூடம் ஒன்றுக்குப் பந்தயக் குதிரைகள் அனுப்பப்படுவதை அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சி 2019-இல் அம்பலப்படுத்தியது. முதல் உரிமையாளர் நிரப்பும் படிவம், இரண்டாவது மூன்றாவது உரிமையாளரைத் தொடவில்லை என்பது அதன் பிறகே உணரப்பட்டது. சரிபார்க்க ஆள் இல்லாத பதிவேடு வெறும் காகிதமே.

*செய்ய வேண்டியது என்ன?*

இவற்றிலிருந்து இந்தியாவுக்கான வழிகள் சில தெளிவாகின்றன. முதலாவது, பந்தயக் குதிரையின் பதிவேடு அதன் ஆயுள் முழுவதும் தொடர வேண்டும். மைக்ரோசிப் ஏற்கெனவே குதிரையின் உடலில் இருக்கிறது. புதிதாகத் தேவைப்படுவது, ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் அதைப் படித்துப் பதிவிடும் கடமை மட்டுமே. இறப்பும் பதிவாக வேண்டும்.

இரண்டாவது, செலவை யார் ஏற்பது என்பது பந்தயத்துக்கு முன்பே முடிவாக வேண்டும். குதிரையைப் பதிவு செய்யும்போதே ஒரு தொகையை வைப்பாகப் பெறலாம். பரிசுத் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கலாம். நூறு ரூபாய்ப் பந்தயத்துக்கு நாற்பது ரூபாய் வரியாக விதிக்கும் அரசு, அதில் சிறு பங்கைக் குதிரைகளின் ஓய்வுக்காலத்துக்கென ஒதுக்குவதும் இயலாததன்று.

மூன்றாவது, திடல்களின் குத்தகையை ரத்து செய்யும் ஆணைகளிலும் நிலப் பயன்பாட்டை மாற்றும் ஆணைகளிலும் அங்குள்ள குதிரைகளுக்கான மாற்று ஏற்பாடு கட்டாய நிபந்தனையாக இடம்பெற வேண்டும்.

நான்காவது, மருந்துப் பண்ணைகளுக்குச் செல்லும் குதிரைகளின் முந்தைய வரலாறு பண்ணையின் ஆவணத்தில் இணைக்கப்பட வேண்டும். இரத்தம் கொடுக்கும் காலம் முடிந்த பின் அவற்றுக்கான ஓய்வும் வரையறுக்கப்பட வேண்டும். பந்தயத்தில் ஒருமுறை கைவிடப்பட்ட குதிரை, மனித உயிரைக் காத்த பிறகு மீண்டும் ஒருமுறை கைவிடப்படுவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

இந்தப் பணிக்குத் தேவையான அறிவு தொலைவில் இல்லை. திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி செயல்பட்டு வருகிறது. அதை உள்ளடக்கி 2005-இல் உருவான ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தலைமையகமும் அங்கேயே உள்ளது. மூன்று பந்தய நகரங்களுக்கும் நடுவே, சாலை, ரயில், விமான வசதிகளுடன் ரேணிகுண்டாவை ஒட்டி அமைந்துள்ள இந்தப் பகுதி, மறுபயிற்சிக்கும் மருத்துவக் கண்காணிப்புக்கும் பொருத்தமான இடங்களில் ஒன்றாகக் கருதத்தக்கது.

பந்தய நாளில் குதிரையின் பெயரை ஆயிரக்கணக்கானோர் உரக்கக் கூவுகின்றனர். அதே குதிரையின் இரத்தத்தில் பிறந்த மருந்தால் பிழைத்தெழும் விவசாயிக்கு அதன் பெயர் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் ஒரு பதிவேட்டிலாவது அந்தப் பெயர் கடைசி வரை இருக்க வேண்டும். ஓய்வுக்காலப் பாதுகாப்பு என்பது அங்கிருந்துதான் தொடங்க முடியும்.